முப்பத்தோராவது டிக்

திண்டுக்கல்லில் பழனி ரோட்டுப் பைபாஸைத் தாண்டி இருக்கும் அந்தக் கார் பட்டறையில் டிக் போடுவதுதான் முதல் வேலை. வண்டியைத் தொடுவதெல்லாம் அப்புறம்.

இதை அங்கே யாரும் ஏமாற்று என்று நினைக்கவில்லை. முதலாளி ஜமால் முகமதிடம் இதற்கு ஒரு நியாயம் இருந்தது. வேலை ஆரம்பித்துவிட்டால் கையில் கிரீஸ். கிரீஸ் கையோடு தொட்டால் காகிதம் கறுக்கும். கறுத்த காகிதத்தைப் பார்த்தால் கஸ்டமர் முகம் கறுக்கும். ஆகவே காலையில் வந்ததும் அன்றைய வண்டிகள் அத்தனைக்கும் செக்லிஸ்டை எடுத்து, நாற்பத்திரண்டு கட்டத்திலும் டிக் போட்டு, கீழே கையெழுத்தும் போட்டு, ஆணியில் மாட்டிவிட வேண்டும். காகிதத்தின் மேலேயே அந்த வண்டியின் சாவி. "கை சுத்தமா இருக்கையிலயே போட்டு முடிச்சுருலே இஷாக்கு" என்பார். சுத்தம் ஈமானில், அதாவது இறைநம்பிக்கையில், பாதி என்பதை இவ்வளவு தூரம் இழுத்துக்கொண்டு போனவர் ஊரில் வேறு யாரும் இல்லை.

டிக் போடுகிறவன் இஷாக். வயது இருபத்தேழு, ஆட்டோமொபைல் டிப்ளமோ, பதவியின் பெயர் சர்வீஸ் அட்வைசர். பட்டறையிலேயே இஸ்திரி போட்ட சட்டை அவனுடையது மட்டும்தான். மூன்று வருஷத்தில் அவன் போட்ட டிக்குகள் லட்சத்தைத் தாண்டியிருக்கும். அத்தனையும் ஒரே சாய்வு, ஒரே நீளம், அச்சில் வார்த்தது மாதிரி.

அந்த அழகைப் பார்க்கத்தான் ஆள் இல்லை. கஸ்டமர்கள் காகிதத்தைக் கையில் வாங்கியதும் நேரே அடியில் இருக்கும் தொகைக்குப் போய், "இம்புட்டா" என்று கேட்டுவிட்டு, காகிதத்தை டேஷ்போர்டில் திணித்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள்.

மேலிருந்து கீழே வரைக்கும் படித்தது ஒரே ஒரு ஆள். அறிவுச்செல்வி.

அவள் ஒரு பத்திர எழுத்தரின் அலுவலகத்தில் பதினோரு வருஷமாக டைப் அடிப்பவள். வடக்கே பொன்னுச்சாமி தோட்டம், தெற்கே வண்டிப்பாதை என்று அடித்து அடித்து, காகிதத்தில் இருந்தால் உலகத்தில் இருக்கிறது, காகிதத்தில் இல்லாவிட்டால் இல்லை என்கிற முடிவுக்கு எப்போதோ வந்திருந்தாள். பத்தாயிரம் கிலோமீட்டர் அல்லது ஒரு வருஷம், எது முதலில் வருகிறதோ அது என்று கார் கம்பெனிக்காரன் புத்தகத்தில் போட்டிருந்தான். அந்த நாளைத் தினசரி காலண்டரில் முன்கூட்டியே மடித்து வைப்பாள். சர்வீஸ் புத்தகத்தை வீட்டுவரி ரசீதுகளோடு பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்தாள். அவள் புருஷன் ஆனந்த்ராஜ் பூ மார்க்கெட்டில் கமிஷன் மண்டி வைத்திருப்பவன். பெட்ரோல் போட்டால் ஓடும், போடாவிட்டால் நிற்கும் என்பதோடு அவனுடைய கார் ஞானம் முடிந்தது.

மே மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை. கீரனூரில் அறிவுச்செல்வியின் அண்ணன் பொம்மையன் புது வீடு கட்டியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை பால் காய்ச்சுகிறார்கள். ஒன்பது வயது மகள் நிறைமதி பள்ளிக்கூட லீவுக்கு மாமன் வீட்டுக்கு முன்னாடியே போய்விட்டாள். புருஷனும் பெண்டாட்டியும் வெள்ளிக்கிழமையே கிளம்புவதாக ஏற்பாடு. காலண்டரில் மடித்த நாளும் அந்த வாரத்தில் வந்ததால் வியாழக்கிழமை சாயங்காலமே வண்டி பட்டறைக்கு வந்துவிட்டது.

வெள்ளி காலை ஏழரைக்கு இஷாக் அந்த வண்டிக்கு நாற்பத்திரண்டு டிக்கும் போட்டு மாட்டினான். மெக்கானிக் நாசர் எட்டு மணிக்கு வேலையை எடுத்தார். ஆயில் மாற்றினார், பிரேக்கைத் துடைத்தார், முன்சக்கரங்களைப் பின்னுக்கும் பின்சக்கரங்களை முன்னுக்குமாக மாற்றிப் போட்டார். நட்டுகளை இறுக்க ஏர் கன்னை எடுத்தபோது மணி ஒன்பது. கரண்ட் போயிற்று.

மாதாந்திரப் பராமரிப்பு. திண்டுக்கல்லில் பராமரிப்பு அட்டவணையை நாள் தவறாமல் கடைப்பிடிப்பவர்கள் இரண்டே பேர். ஒன்று மின்சாரக்காரர்கள், இன்னொன்று அறிவுச்செல்வி. அன்றைக்கு இரண்டும் ஒரே தேதியில் விழுந்திருந்தது.

கம்ப்ரசர் டேங்கில் மிச்சமிருந்த காற்று மூன்று சக்கரத்துக்கு வந்தது. நாலாவதற்கு, பின்பக்க இடது சக்கரத்துக்கு, கன் ஒரு பெருமூச்சு விட்டு நின்றுவிட்டது. நாசர் அந்த நாலு நட்டையும் கையாலேயே திருகி வைத்தார். சக்கரம் தரையில் ஊன்றி நின்றால்தான் நீளக்கம்பி ஸ்பானருக்குப் பிடிமானம் கிடைக்கும் என்பதால் ஜாக்கியை இறக்கினார். ஸ்பானரைப் பார்த்தால் இடத்தில் இல்லை. பக்கத்து டிங்கரிங் ஷெட்டுக்காரன் முந்தாநாள் இரவல் வாங்கிப் போயிருந்தான். அதை வாங்கப் போனார். ஷெட்டுக்காரன் டீக்கடையில் இருந்தான். டீக்கடைக்குப் போனவர் டீ குடிக்காமல் வருவது அந்த ரோட்டில் வழக்கம் இல்லை.

பத்தே காலுக்கு ஆட்டோவில் இருவரும் வந்து இறங்கினார்கள். ஆனந்த்ராஜ் கையில் அண்ணன் வீட்டுக்குச் சீராக ஒரு குத்துவிளக்கு, பேப்பரில் சுற்றி. அறிவுச்செல்வி காதில் போன்.

"இந்தா எடுத்துட்டோம்ணா. கெளம்பியாச்சு. பத்தரைக்குள்ள கேட்டத் தாண்டிருவோம், போதுமா?" போனை வைத்துவிட்டு இஷாக்கைப் பார்த்துச் சிரித்தாள். "பத்தரைக்கு ராகு காலம் பொறந்துருமாம். ராகுவுக்கெல்லாம் நான் பயப்படல தம்பி. எங்கண்ணனுக்குத்தான் பயம்."

இஷாக் ஆணியிலிருந்து காகிதத்தையும் சாவியையும் எடுத்துக் கொடுத்தான். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒன்றிலிருந்து ஆரம்பித்தாள்.

"ஏம்மா, கிரயப் பத்திரமா எழுதிருக்காங்க, வரி வரியாப் படிக்கிற" என்றான் ஆனந்த்ராஜ். "ராகு வந்து கேட்ல நிக்கிறான்."

"நிக்கட்டும். தம்பி, முப்பத்தொண்ணு. வீல் நட்டு டைட்டிங். டயரெல்லாம் மாத்திப் போட்டீங்கள்ல, அதான் கேக்குறேன். பாத்துட்டீங்களா?"

இஷாக் திரும்பி வண்டியைப் பார்த்தான். நாலு காலில் நின்றது. ஜாக்கி கீழே. நாசர் இல்லை. பட்டறையில் ஜாக்கி இறங்கி மெக்கானிக் பக்கத்தில் இல்லையென்றால் வேலை முடிந்தது என்று அர்த்தம். நட்டு இருக்கிறதா என்று பார்த்தால் நாலும் இருந்தன. இறுகியிருக்கிறதா என்பது அப்படிப் பார்த்துத் தெரிகிற விஷயம் இல்லை.

"டிக் இருக்குல்லக்கா" என்றான்.

"இருக்கு" என்றாள். கீழே அவளும் ஒரு கையெழுத்துப் போட்டாள். பத்து இருபத்திரண்டுக்கு வண்டி பட்டறைக் கேட்டைத் தாண்டியது. ராகு தோற்றுப்போனான்.

பத்து முப்பத்தஞ்சுக்கு நாசர் ஸ்பானரோடு வந்து, வண்டி நின்ற இடத்தைப் பார்த்தார்.

"எங்கலே அது?"

"எது?"

"வெள்ள வண்டி. டைட்டு வைக்கலயேடா அதுக்கு. பின்னாடி எடது."

இஷாக் போனை எடுத்து அறிவுச்செல்வி நம்பரை அழுத்தினான். வேறொருவருடன் பேசிக்கொண்டிருக்கிறார் என்றது. ஜமால் முகமது கல்லாவிலிருந்து எழுந்து வந்தார். விஷயத்தைக் கேட்டுத் தாடியைத் தடவினார்.

"பதறாதலே. நாலு நட்டு இருக்குல்ல, ஒடனே கழண்டு விழுந்துருமா? மிஸ்டு கால் பாத்துட்டு அவகளே கூப்புடுவாக. அப்பப் பதமாச் சொல்லு. செத்த நிப்பாட்டிட்டு வாங்கன்னு சொல்லு. நாம பாட்டுக்குப் பயமுறுத்தி விட்டம்னா ஊரெல்லாம் சொல்லிருவாக."

முதலாளி சொன்னதுதான் பேச்சு. இஷாக் போனைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஏழு நிமிஷம் நின்றான். ஏழு என்பது பின்னால் போனில் இருந்த நேரங்களைக் கழித்துப் பார்த்து அவன் தெரிந்துகொண்டது. இரண்டாம் தடவை கூப்பிட்டபோது மணி அடித்தது, யாரும் எடுக்கவில்லை. நாசரின் கையிலிருந்த ஸ்பானரைப் பிடுங்கிக்கொண்டு பைக்கில் ஏறினான்.

ரெட்டியார்சத்திரத்தைத் தாண்டி மூன்றாவது கிலோமீட்டரில் முதலில் சக்கரத்தைத்தான் பார்த்தான். முருங்கைத் தோட்டத்துக்குள் போய்ச் சாவகாசமாகப் படுத்திருந்தது. அப்புறம் கூட்டம். அப்புறம் புளியமரத்தில் இடது பக்கம் முழுசாக நசுங்கிப்போன வெள்ளைக் கார். ஆம்புலன்ஸ்காரர்கள் அறிவுச்செல்வியை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். முகத்தை மூடியிருந்தார்கள். அவர்களுக்கு அவசரம் இல்லை.

ஆனந்த்ராஜ் மைல்கல்லில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். நெற்றியிலிருந்து ரத்தம் சட்டைக்குள் போய்க்கொண்டிருந்தது. "வண்டி ஆடுச்சு" என்று எதிரில் நின்றவரிடம் சொன்னான். அவர் நகர்ந்ததும் அடுத்தவரிடம் சொன்னான். "வண்டி ஆடுச்சுங்க."

இஷாக்கின் கையில் ஸ்பானரைப் பார்த்த ஒரு பெரியவர், "மெக்கானிக்கா அப்பு? செத்த முன்னாடி வந்துருக்கக் கூடாதா" என்றார்.

போலீஸில் வண்டியை ஓட்டிய ஆனந்த்ராஜ் மேல் வழக்கு எழுதினார்கள். அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் என்ற இரண்டு வார்த்தைகளும் கைக்குப் பழகியவை, பேனா தானாகவே எழுதிவிடும். வண்டியைப் பார்வையிட வந்த அதிகாரி, சக்கரம் எப்படிக் கழன்றது என்று செத்த நேரம் யோசித்தார். மோதின வேகத்தில் கழன்றது என்று முடிவு செய்தார். பட்டறைக் காகிதம் வண்டிக்குள்ளேயே கிடைத்தது. அன்றைய தேதி, நாற்பத்திரண்டு டிக், இரண்டு கையெழுத்து. இவ்வளவு சரியான காகிதத்தை அவர் தன் சர்வீஸில் பார்த்ததில்லை. பிழை வண்டியில் இல்லை என்றால் ஓட்டினவனிடம்தான் இருக்க வேண்டும். அது கழித்தல் கணக்கு.

தகனம் செய்த அன்றே பொம்மையன் சுடுகாட்டுப் பாதையில் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். "என்ற தங்கச்சியக் கொன்னவன் வீட்டுல அவ புள்ள இருக்க வேண்டாமுங்க." நிறைமதியைக் கீரனூரிலேயே வைத்துக்கொண்டார். ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்ததும் திண்டுக்கல்லில் டி.சி. வாங்கிக் கீரனூர்ப் பள்ளியில் சேர்ப்பதாகப் பேச்சு. ஆனந்த்ராஜ் இரண்டு தடவை போனான். பிள்ளை கதவுக்குப் பின்னால் நின்றதே ஒழிய வெளியே வரவில்லை.

பட்டறையிலும் விபத்துக்குப் பிறகு ஒரு மாற்றம் வந்தது. இனிமேல் அசட்டை கூடாது என்று ஜமால் முகமது கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். முப்பத்தோராவது வரிக்கு மட்டும் காலையில் இரண்டு டிக்.

மே கடைசி வாரத்தில் ஆனந்த்ராஜ் பட்டறைக்கு வந்தான். இன்சூரன்ஸுக்கு செக்லிஸ்டின் நகல் வேண்டுமாம். நெற்றித் தையல் பிரித்த இடம் இன்னும் சிவந்திருந்தது. நகலை வாங்கிக்கொண்டவன் போகாமல் நின்றான்.

"தம்பி, தப்பா எடுத்துக்காத. எல்லாம் சரியாத்தான பாத்தீங்க?"

கல்லாவில் ஜமால் முகமது தலையைத் தூக்கினார். வண்டிக்கு அடியிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த நாசரின் கால்கள் அசைவதை நிறுத்தின.

"டிக் இருக்குல்லண்ணே" என்றான் இஷாக்.

ஆனந்த்ராஜ் காகிதத்தைப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். "அப்ப நான்தான்" என்றான். யாரிடமும் சொல்வதாக இல்லை. காகிதத்தை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தான்.

அன்றைக்கு மத்தியானம் இஷாக் சோற்றைப் பிசைந்தபடி உட்கார்ந்திருந்தான். ஷமா, அவன் பெண்டாட்டி, "வெஞ்சனம் ஆறுது" என்று இரண்டு தடவை சொல்லிவிட்டு மூன்றாம் தடவை தட்டை எடுத்துக்கொண்டு போனாள்.

சாயங்காலம் முதலாளியிடம் போனான்.

"சொல்லிரலாம் பாய்."

"என்னத்த?"

"டைட்டு வைக்கலன்னு. அந்த மனுசன் தானே கொன்னுட்டதா நம்பிக்கிட்டு இருக்காரு. புள்ளயும் போயிரும்."

ஜமால் முகமதுக்குக் கண் கலங்கியது. நடிப்பு இல்லை, அவர் அப்படிப்பட்ட மனுசர்தான். "அந்தப் பொம்பளைக்காக அஞ்சு வேளையும் துவாக் கேக்குறேன்லே. ஆனா பதினோரு குடும்பம் இங்க கஞ்சி குடிக்குது. நாசருக்கு மூணு பொட்டப்புள்ள. நீ சொன்னா அவ எந்திரிச்சு வந்துருவாளா?"

இந்தக் கேள்விக்குப் பதில் கிடையாது. அதனால்தான் எல்லாரும் அதையே கேட்கிறார்கள். இஷாக் வண்டிக்கு அடியில் குனிந்தான். "நாசர்ணே, நீங்க என்ன சொல்றீங்க?"

"நான் டைட்டு வைக்கல. நீ சாவியக் குடுத்த" என்றார் நாசர் அடியிலிருந்து. "போறதுன்னா போ. என் பேரச் சொல்றதுன்னாலும் சொல்லு. என்னைய வரச் சொல்லாத."

மறுநாள் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனான். ரைட்டர் ஒரு தடித்த நோட்டில் எழுதிக்கொண்டே கேட்டார்.

"டிக் போட்டது யாரு?"

"நான்தான் சார்."

"கையெழுத்து?"

"என்னுதுதான்."

"அப்ப வேல செஞ்சிருக்குன்னுதான அர்த்தம்."

"இல்ல சார். டிக் மொதல்ல போட்டுருவோம். வேல பின்னாடிதான்."

ரைட்டர் பேனாவை வைத்தார். "என்னப்பா பேசுற? செய்யாத வேலைக்கு எவனாவது முன்னாடியே கையெழுத்துப் போடுவானா?" உண்மையிலேயே அதிர்ந்துபோயிருந்தார். பிறகு பேனாவை எடுத்து, நாளை ராத்திரி ரோந்து போனதற்கான கையெழுத்தை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். "ஓட்டுன ஆளு ஒனக்குச் சொந்தமா? பாவம் பாத்து வந்தியாக்கும். போ தம்பி, படிச்ச பையன் மாதிரி இருக்க."

மிச்சம் இருந்தது கீரனூர். ஜூன் முதல் திங்கள்கிழமை பள்ளிக்கூடம். அதற்கு இரண்டு நாள் முன்னால், சனிக்கிழமை, எட்டரை பஸ்ஸில் ஏறினான்.

பொம்மையனின் புது வீட்டு வாசலில் பால் காய்ச்சுவதற்காகக் கட்டின வாழை மரங்கள் அப்படியே காய்ந்து சருகாகி நின்றன. அவிழ்க்க யாருக்கும் தோன்றவில்லை போலிருக்கிறது. பொம்மையன் வெள்ளை வேட்டியில் வந்து திண்டுக்கல் பட்டறை என்றதும் உட்காரச் சொன்னார், மோர் கொண்டுவரச் சொன்னார். இஷாக் மோர் வருவதற்குள் சொல்லி முடித்துவிட்டான்.

பொம்மையன் குரலைத் தணித்துக் கேட்டார்.

"ஏனுங்க தம்பி, அவன் உங்களுக்கு எவ்வளவு குடுத்தான்?"

"யாருங்க?"

"ஆனந்த்ராசு. உங்கள இங்க அனுப்பறதுக்கு."

இஷாக் இதை எதிர்பார்க்கவில்லை. ஒரு ஆளைக் காப்பாற்ற வந்து அவன் மேல் இரண்டாவது குற்றத்தையும் ஏற்றியாயிற்று.

"அவருக்கு நான் வந்ததே தெரியாதுங்க."

"காயிதம் நானும் பாத்தேனுங்க. போலீசுல காட்டினாங்க. என்ற தங்கச்சி கையெழுத்தும் கெடக்குது. அவ படிக்காமப் போடற ஆளில்ல. என்ற வண்டிக்கும் வருசா வருசம் இதே மாதிரிதான் காயிதம் வாங்கறேன். அல்லாம் பொய்யுங்களா?"

"எடுத்துட்டு வாங்க" என்றான் இஷாக்.

"எதைய?"

"உங்க காயிதத்த. வண்டிச் சாவியும்."

கோபத்தில்தான் எடுத்து வந்தார். அந்தப் பக்கத்துப் பட்டறை ஒன்றில் நாலு மாதத்துக்கு முன்னால் செய்த சர்வீஸ். டிக்குகள் இஷாக்கின் அளவுக்கு அழகில்லை. மற்றபடி ஒன்றும் குறைவில்லை. வண்டி வேப்பமரத்தடியில் நின்றது. இஷாக் சட்டைக் கையை மடித்துக்கொண்டு பானெட்டைத் திறந்தான்.

"படிங்க."

"ஏர் ஃபில்டர் புதுசு போட்டது. டிக்."

நாலு கிளிப்பை விடுவித்து மூடியைத் தூக்கினான். ஃபில்டர் கறுப்பாக இருந்தது. மூலையில் குளவி மண்ணால் கூடு கட்டி, அதையும் காலி செய்துவிட்டுப் போயிருந்தது.

"அடுத்ததப் படிங்க."

"பிரேக் ஆயில் மாத்துனது. டிக்." குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. இஷாக் மூடியைத் திறந்து காட்டினான். சுக்குக் கஷாயம் மாதிரி இருந்தது.

"ஸ்டெப்னி காத்து."

டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியை எடுத்துக் கீழே போட்டான். அது துள்ளவில்லை. மாவு மூட்டை மாதிரி பொத்தென்று விழுந்து அப்படியே கிடந்தது.

பொம்மையன் அதற்கப்புறமும் படித்தார். யாரும் நிறுத்தச் சொல்லாததால் படித்துக்கொண்டே போனார். பன்னிரண்டு வரி பார்த்ததில் மூன்றுதான் நிசம். கடைசியாக, "வீல் நட்டு" என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டார்.

இஷாக் டிக்கியிலிருந்த ஸ்பானரை எடுத்து மாட்டி ஒவ்வொரு நட்டாக அழுத்தினான். ஏறி நின்றும் அழுத்தினான். நாலு சக்கரத்திலும் ஒன்று அசையவில்லை.

"இது இறுக்கமா இருக்குதுங்களா?"

"இருக்குங்க."

"அப்ப இதையாவது எவனோ செஞ்சிருக்கறான்."

"ஆமாங்க."

"நீங்க செய்யல."

"செய்யலைங்க."

பொம்மையன் வண்டியின் பம்பர் மேலேயே உட்கார்ந்தார். "நீங்க அவளுக்குப் போன் போட்டேன்னீங்களே, பிசின்னு வந்துச்சுன்னு. அப்ப அவகூடப் பேசிட்டிருந்தது நானுங்க. ராகு காலத்துக்கு முன்ன தாண்டீட்டியான்னு கேட்டேன். தாண்டீட்டேண்ணான்னு சொன்னா. நல்லதுன்னு வச்சேன்." காகிதத்தைக் குறுக்கே மடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

அடி விழும் என்று இஷாக் எதிர்பார்த்தான். விழுந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். விழவில்லை.

மோர்ச் செம்போடு நிறைமதி நடையில் நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை.

"எங்கப்பா வேகமாப் போகலையா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா."

"நீங்க யாரு?"

"அந்த வண்டிக்கு டிக் போட்டவன்."

அவள் செம்பைத் திண்டில் வைத்துவிட்டு உள்ளே போய்ப் பள்ளிக்கூடப் பையை மாட்டிக்கொண்டு வந்து நின்றாள். பொம்மையன் காரைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "பஸ்சுலயே போயரலாம்" என்றார்.

மூன்று மணிக்குத் திண்டுக்கல் வந்து சேர்ந்தார்கள். ஆனந்த்ராஜ் கைலியோடு கதவைத் திறந்தான். மகளைப் பார்த்தான். அவள் பையைக்கூடக் கழற்றாமல் போய் அவன் இடுப்பில் முகத்தை வைத்துக்கொண்டாள். அவன் கை அவள் தலைமேல் போய் நின்றது. பொம்மையன் படியில் உட்கார்ந்துவிட்டார். சொல்ல வேண்டியதை மறுபடியும் இஷாக்தான் சொன்னான். இரண்டு நிமிஷம் ஆனது. எட்டரை மணியிலிருந்து பழகியிருந்ததால் தடங்கல் இல்லாமல் வந்தது.

ஆனந்த்ராஜ் கேட்டு முடித்தான்.

"வண்டி ஆடும்போதே நான் நிப்பாட்டப் போனேன்" என்றான். மச்சானைப் பார்த்துச் சொல்லவில்லை, இஷாக்கைப் பார்த்துத்தான். "பின்னாடி என்னமோ அடிக்குது, எறங்கிப் பாக்குறேன்னேன். அவ பையிலருந்து காயிதத்த எடுத்தா. படிச்சா. முப்பத்தொண்ணு டிக் இருக்கு, ரோடுதான் சரியில்ல, நீங்க போங்கன்னா. போனேன்."

வாசலில் ஒரு டிவிஎஸ் ஃபிப்டி போனது. அது போய் முடியும்வரை நிறுத்தினான்.

"இத நான் போலீஸ்லயும் சொல்லல. இவருகிட்டயும் சொல்லல. சொன்னா செத்தவ மேல பழியத் தூக்கிப் போடுறான்பாங்க."

பொம்மையன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

"நீ வந்து சொன்னது நல்லதுன்னு என்னால சொல்ல முடியாது" என்றான் ஆனந்த்ராஜ்.

"சரிண்ணே."

"நாளைக்கு மூணு பேருமா ஸ்டேஷனுக்குப் போவோம். இந்தத் தடவ நீ பேச வேணாம், எழுதிக் குடு. எழுதியிருந்தாத்தான் நம்புவாய்ங்க."

"சரிண்ணே."

இஷாக் படியிறங்கினான். கேட்டுக்குக் கை வைத்தபோது ஆனந்த்ராஜ் கூப்பிட்டான்.

"இன்னைக்குக் காலைல பட்டறைக்குப் போனியா?"

"எட்டரை பஸ்சுக்கு முன்னாடி போய்ட்டுத்தாண்ணே வந்தேன்."

"எத்தன வண்டிக்கு டிக் போட்ட?"

இஷாக்குக்கு அப்போதுதான் உறைத்தது. ஏழரைக்குக் கை கழுவி, வரிசையாக எடுத்து, முப்பத்தோராவது வரிக்கு இரண்டு இரண்டாகப் போட்டு, மாட்டிவிட்டுத்தான் உண்மையைச் சொல்லக் கிளம்பியிருந்தான்.

"ஒம்பது."

"எதெது?"

"ரெண்டு டாக்சி. ஒரு கல்யாண மண்டபத்து வேன். கொடைரோட்டுக்காரரு ஒருத்தரு, ராத்திரி குடும்பத்தோட கொடைக்கானல் ஏறணும்னாரு. அப்புறம் ஸ்கூல் வேன் ஒண்ணு, திங்கக்கிழம..." நிறைமதி அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எத்தன மணிக்கு வந்து எடுப்பாங்க?"

"அஞ்சு மணியிலருந்து."

மணி மூன்றே முக்கால். ஆனந்த்ராஜ் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து வாசலில் போட்டான். இஷாக் உட்கார்ந்து போனை எடுத்தான். முதலில் கொடைரோட்டுக்காரர். மூன்றாவது மணியிலேயே எடுத்துவிட்டார், பின்னால் பிள்ளைகள் சத்தம், யாரோ தொப்பியைத் தேடுகிறார்கள்.

"சொல்லுங்க தம்பி. வண்டி ரெடியா?"

"இல்லைங்க" என்றான் இஷாக்.